பத்துக்கு நாலு

அந்த வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் அவளுக்கு 'இப்பவே அக்கா' என்று பெயர். பெயர் வைத்தவர் பக்கத்துக் கடைக்காரர், செல்போன் உறை விற்பவர். யார் எந்தப் பழுதைக் கொண்டுவந்தாலும் அவள் "உக்காருங்க, இப்பவே பார்த்துடலாம்" என்பாள். "வெச்சுட்டுப் போங்க, சாயந்திரம் வாங்க" என்ற பேச்சு அவள் வாயில் வராது. எதிரே நாலு பேர் காத்து நின்றாலும் சரி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் எடுத்து வைக்கிற நேரமானாலும் சரி, டப்பாவை மூடிவிட்டுத் திருப்புளியை எடுத்துவிடுவாள்.

"எமனே வந்து நின்னாலும் இந்தம்மா உக்காருங்க, இப்பவேன்னு சொல்லும்" என்று உறைக்காரர் ஒருநாள் கிண்டல் செய்தார். மாடியே சிரித்தது. அவள் மட்டும் தலையைக் குனிந்து, கையிலிருந்த பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். படிக்கட்டு திரும்புகிற மூலையில் ஒரு மேசை, கழுத்து வளைகிற விளக்கு ஒன்று, அவளுக்கு ஒரு நாற்காலி, வருகிறவருக்கு ஒரு முக்காலி. கையில் வைத்து விளையாடுகிற கேம் மெஷின்களைத்தான் அவள் பார்ப்பாள். அதிலும் பட்டன் வேலை மட்டும். திரை உடைந்து வந்தால் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிடுவாள். பட்டன் அமுங்கவில்லை, அமுங்கினால் எழவில்லை, நாலு தரம் தட்டினால் ஒரு தரம்தான் கேட்கிறது என்றால் அவளிடம் வரவேண்டும்.

பட்டன் தேய்வது வெளியே தெரிகிற சமாசாரம் இல்லை. மேலே இருக்கிற பிளாஸ்டிக் வெறும் தொப்பி. அதற்கு அடியில் மெல்லிய ரப்பர் விரிப்பு, விரிப்பில் சின்னச் சின்னக் குமிழ்கள், ஒவ்வொரு குமிழின் அடிவயிற்றிலும் கறுப்பாக ஒரு பொட்டு. அமுக்கினால் குமிழ் மடங்கிப் பொட்டு கீழே போர்டில் பதியும். பதிந்தால் மின்சாரம் ஓடும், திரையில் பொம்மை குதிக்கும். லட்சம் தடவை பதிந்த பிறகு பொட்டின் கறுப்பு உதிர்ந்துவிடும். இல்லாவிட்டால் குமிழ் தளர்ந்து ஓரம் கிழிந்துவிடும். அவள் மெஷினைப் பிரித்து, போர்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பொட்டு போயிருந்தால் வேறொரு ரப்பரிலிருந்து பொட்டை வெட்டி ஒட்டுவாள். குமிழ் கிழிந்திருந்தால் ரப்பரையே மாற்றுவாள். எல்லாம் முடிந்ததும் கட்டைவிரலை லேசாக, மிக லேசாக வைத்துப் பத்துத் தரம் அழுத்திப் பார்ப்பாள். பத்துக்குப் பத்து வந்தால்தான் மெஷின் மேசையைவிட்டு நகரும். ஒன்பது வந்தால் மறுபடி பிரிப்பாள்.

"ஒண்ணுதானே போச்சு, பரவாயில்லீங்க" என்பார்கள் வந்தவர்கள்.

"அந்த ஒண்ணுதாங்க வேணும்" என்பாள்.

இந்த வேலையை அவள் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. தம்பியால் வந்தது.

தம்பி அவளுக்கு ஐந்து வயது இளையவன். ஏழு வயது வரைக்கும் கால் தரையில் படாமல் ஓடிக்கொண்டிருந்தவன், ஒருநாள் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். டாக்டர்கள் தசை நோய் என்றார்கள். காலில் ஆரம்பித்து மேலே மேலே ஏறும், ஏறினது இறங்காது என்றார்கள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் வீட்டோடு நின்றுகொண்டாள். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வேறு யார் இருக்கிறார்கள்?

மாமா எங்கிருந்தோ பழைய கேம் மெஷின் ஒன்றை வாங்கிவந்து தம்பி கையில் கொடுத்தார். அன்றிலிருந்து தம்பிக்கு உத்தியோகம் கிடைத்த மாதிரி. கண் விழித்தால் கேம். ஒரு குட்டி மனிதன் சாவி பொறுக்கிக்கொண்டு, பள்ளம் தாண்டி, கதவு திறந்து போவான். மொத்தம் முப்பத்திரண்டு லெவல். ஒரே வருஷத்தில் வலது பக்கத்து அம்புக்குறி சுத்தமாக அழிந்து வழுவழுவென்று ஆனது. அடுத்த வருஷம் பட்டன் வேலை செய்யவில்லை. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனாள்; தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்றார் அந்தக் கடைக்காரர்.

அவள் வீட்டுக்கு வந்து பிரிக்கப் பார்த்தாள். திருகாணிகளின் தலையில் மூன்று கால் கொண்ட பள்ளம்; வீட்டிலிருந்த எந்தத் திருப்புளியும் பொருந்தவில்லை. பேனாவின் அடிப்பகுதியை மெழுகுவர்த்தியில் காட்டி இளக்கி, திருகாணி மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்டிக் இறுகியபோது அந்தப் பள்ளத்தின் அச்சு பேனாவில் ஏறியிருந்தது. மெல்லத் திருகினாள், திருகாணி அசைந்தது.

"அக்கா, நீ மெக்கானிக்" என்றான் தம்பி. "நான் ஆபீஸர். ரிப்பேர் சரியில்லன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்."

"தூக்குடா பார்ப்போம். உன்னைத் தூக்கறதே நான்தான்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பது மட்டும் அவனுக்குக் கடைசி வரை குறையவில்லை.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் மெஷின்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய சிநேகிதர்கள் கொண்டுவந்தார்கள். இருபத்து நாலு வயதில் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருந்த வளாகத்தில் மேசை போட்டாள். போவதற்கு முன்னால் தம்பிக்கு ஒரு ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. அதற்குள் அவனுக்கு வலது கை மட்டும்தான் மிச்சம். அதிலும் கட்டைவிரல்தான் சொன்னபடி கேட்டது.

அடுத்த வீட்டில் ஒரு தையற்காரம்மா இருந்தார். தனி ஆள். பகலெல்லாம் தையல் மெஷினை விட்டு எழ மாட்டார். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார். அவள் செத்துப்போன கேம் மெஷின் ஒன்றிலிருந்து பெரிய பட்டனை எடுத்து, சோப்பு டப்பாவில் பொருத்தி, தம்பியின் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் கட்டினாள். அங்கிருந்து ஒரு கம்பி, சுவர் ஓட்டை வழியாக அடுத்த வீட்டுக்கு. அங்கே தையல் மெஷினுக்கு மேலே ஒரு மணி. தம்பி அமுக்கினால் அங்கே 'ர்ர்' என்று கேட்கும்.

சங்கேதமும் வைத்துக்கொண்டார்கள். ஒரு குட்டை என்றால் தண்ணீர், அல்லது திரும்பிப் படுக்கவேண்டும். இரண்டு குட்டை என்றால் ஜெயித்தாகிவிட்டது, வந்து சேவ் பண்ணு. ஏனென்றால் சேவ் பண்ணுகிற பட்டன் மெஷினின் இடது மூலையில் இருந்தது, அவன் விரல் அங்கே போகாது. மூச்சு முட்டினால் ஒரே நீளம். விடாமல் அமுக்கவேண்டும். "நீளமா அடிச்சான்னா போட்டது போட்டபடி ஓடிவரணும் அத்தை" என்று தையற்காரம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

வருஷம் போகப் போக அந்தக் கட்டைவிரலும் தளர்ந்தது. சாதாரண ரப்பர் அவனுக்குக் கல்லாக இருந்தது. அவள் மெல்லிய உப்புத்தாளால் குமிழின் ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்து இளக்கினாள். இறகு பட்டால் அமுங்குகிற அளவுக்கு வந்தது. அப்படி மெலிந்த ரப்பர் சீக்கிரம் கிழியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவாள். கேமிலும் மாற்றுவாள், மணியிலும் மாற்றுவாள்.

தம்பிக்கு இருபத்து மூன்று வயதான வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை. அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மணி தூங்குது" என்றான்.

"என்னடா?"

"எழுப்பினா உடனே எழுந்துக்க மாட்டேங்குது. ரெண்டு மூணு தரம் தட்டணும்."

பன்னிரண்டு மணிக்குள் தருவதாகச் சொன்ன மூன்று மெஷின்கள் கடையில் கிடந்தன. புது ரப்பரும் கடை இழுப்பறையில்தான் இருந்தது. வந்து மாற்றினால் பத்து நிமிஷ வேலை.

"சாயந்திரம் வந்து மாத்தறேன்டா" என்றாள்.

"ஆபீஸர் உத்தரவு. மறந்துடாதே."

மறக்கவில்லை. மத்தியானமே ரப்பரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நாலு மணிக்குத் தையற்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஓடிவந்தபோது ரப்பர் பையில்தான் இருந்தது. தம்பி வழக்கம்போல் சாய்ந்திருந்தான். கேம் மெஷின் அவன் மடியில் இருந்தது, திரை அணைந்திருந்தது. கட்டைவிரல் சோப்பு டப்பாவின் பட்டன் மேல் இருந்தது.

அந்த விரல்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"மணி அடிச்சானா அத்தை?" என்று கேட்டாள். அழுகை வருவதற்கு முன்னால் கேட்ட கேள்வி அது.

"இல்லம்மா. ஒண்ணும் கேக்கலியே. நாலு மணி ஆச்சே, தண்ணி குடுப்போம்னு வந்தேன். இப்படி இருந்தான்."

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள், வந்தவர்கள் போன பிறகு, அவள் அந்தப் பட்டனைச் சோதித்தாள். தம்பியின் விரல் எவ்வளவு அமுக்குமோ அவ்வளவுதான் அமுக்கினாள். அந்த அளவு அவளுக்குத் தெரியும், அவள்தானே தேய்த்தாள். முதல் தடவை மணி வரவில்லை. இரண்டாவது வந்தது. பத்துத் தடவையில் நாலு வந்தது. நீளமாக அமுக்கிப் பார்த்தாள். 'ர்ர்' என்று தொடங்கி, நடுவில் செத்து, மறுபடி 'ர்ர்' என்று எழுந்து, அப்புறம் ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தபோது குமிழின் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. அது எப்போது கிழிந்தது என்று எந்தப் பூதக்கண்ணாடியும் சொல்லாது.

பத்துக்கு நாலு. அமுக்கியிருந்தால் ஆறு தரம் வீண். அமுக்கவே இல்லை என்றால் அது வேறு. இரண்டில் எது என்று யாரும் சொல்ல முடியாது. அம்மாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் மணி அவளைத் தொடர ஆரம்பித்தது. பஸ்ஸின் இரைச்சலுக்கு அடியில் கேட்டது. குழாயில் தண்ணீர் விழும்போது கேட்டது. மாடியில் யாருடைய செல்போனாவது மேசை மேல் அதிர்ந்தால், அவள் கையில் திருப்புளியோடு எழுந்து நின்றுவிடுவாள். நாலு அடி நடந்த பிறகுதான் போகவேண்டிய இடம் எதுவுமில்லை என்று நினைவு வரும். திரும்பி வந்து உட்காருவாள். முக்காலியில் இருப்பவர் "என்ன ஆச்சு?" என்றால், "கால் மரத்துப்போச்சு" என்பாள்.

எந்தப் பட்டனையும் ஒருமுறை அமுக்கி விட்டுவிட அவளால் முடியவில்லை. லிஃப்டில் ஏறினால் விளக்கு எரிந்த பிறகும் அமுக்குவாள். பிரித்த ஒவ்வொரு மெஷினிலும் யாரோ ஒருவரின் விரல் இருந்தது. கோபக்காரர்களின் ரப்பர் நடுவில் குழியும்; நகம் கடிக்கிறவர்களின் பட்டன் ஓரத்தில் தேயும். வலதுபக்க அம்பு மட்டும் வழுவழுவென்று அழிந்து ஒரு மெஷின் வந்தால், அன்றைக்கு அவள் சாப்பிட மாட்டாள். ஏழு வருஷம் இப்படிப் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை காலை, கடை திறந்து அரை மணி ஆகியிருக்கும். தையற்காரம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அடுத்த வீட்டிலேயே இருந்தும் ஏழு வருஷத்தில் இந்த மாடிக்கு அவர் வந்ததில்லை. கையில் துணிப்பை.

"வாங்க அத்தை. சொல்லியிருந்தா வீட்டுக்கே வந்து எடுத்துட்டு வந்திருப்பேனே."

"இல்லம்மா, நானே வரணும்னு வந்தேன்." பையிலிருந்து ஒரு கேம் மெஷினை எடுத்து வைத்தார். "என் தங்கச்சி பொண்ணோடது. லீவுக்கு வந்திருக்கா. பட்டன் ஒண்ணும் கேக்க மாட்டேங்குதாம். என்னைப் போட்டு அரிக்கறா."

"உக்காருங்க, இப்பவே பார்த்துடலாம்."

முக்காலியில் உட்கார்ந்தார். அவள் பின்பக்க மூடியைக் கழற்றி, போர்டைத் தூக்கி, ரப்பரைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பொட்டுகள் வெளுத்திருந்தன. ஒரு குமிழ் கிழிந்திருந்தது. தையற்காரம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இதுதான் கெட்டுப்போச்சா?"

"ஆமா அத்தை. இந்த ஓரம் பாருங்க, கிழிஞ்சிருக்கு."

"இவ்வளவு சின்னதா?"

"இவ்வளவுதான்."

புது ரப்பரைப் பதித்து மூடினாள். மின்கலத்தைப் போட்டுச் சோதிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் மெஷின் 'பீப்' என்றது. ஆறாவது பீப்புக்குத் தையற்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அத்தை?"

"நிறுத்தும்மா. கொஞ்சம் நிறுத்து."

அவள் கையை எடுத்தாள்.

"அன்னிக்கு மணி அடிச்சான்மா" என்றார் தையற்காரம்மா.

மாடியில் எங்கோ ஒரு கடையின் ஷட்டர் ஏறுகிற சத்தம்.

"கேக்கலேன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். கேட்டுச்சு. ரெண்டு தரம் அடிச்சான், குட்டை குட்டையா. நான் ஒரு ரவிக்கைக்குக் கை வெச்சுத் தெச்சுக்கிட்டிருந்தேன். ஜெயிச்சுட்டான் போலிருக்கு, சேவ் பண்ணக் கூப்பிடறான், இந்தக் கையை முடிச்சுட்டுப் போகலாம்னு நெனச்சேன். கால் மணி நேரம் இருக்கும்மா. அதுக்கு மேல இல்ல. போய்ப் பார்த்தா..." அவர் மடியைப் பார்த்துப் பேசினார். "நீ வந்து மணி அடிச்சானான்னு கேட்டே பாரு, அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எனக்கு நாக்கு எழும்பல. இல்லேன்னுட்டேன். சொன்னதுக்கப்புறம் மாத்த முடியல. நீ என்னை அத்தை அத்தைன்னு கூப்பிடறப்பெல்லாம் நெஞ்சுல முள்ளு. முன்ன மாதிரி தையலே ஓட மாட்டேங்குது. எதைத் தெச்சாலும் அந்தக் கை ஞாபகம்தான்."

அமுக்கியிருக்கிறான். மணி அடித்திருக்கிறது. ஏழு வருஷமாகத் தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்துவிட்டது.

அடுத்த நொடியே வேறொன்றும் தெரிந்தது. கிழிந்த ரப்பரில் நீளமாக அமுக்கினால் என்ன ஆகும் என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தொடங்கும், நடுவில் சாகும், மறுபடி எழும், அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? குட்டையாக ஒன்று, குட்டையாக இன்னொன்று.

தையற்காரம்மா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் பார்த்துப் பயந்த முகம் இப்போதும் அதேபோல் இருந்திருக்கவேண்டும். அவருடைய கை முக்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"ரெண்டு குட்டையா அத்தை? நல்லா ஞாபகம் இருக்கா?"

"சாகற வரைக்கும் மறக்காது."

அவள் மேசை மேல் கிடந்த பழைய ரப்பரை எடுத்துக் குப்பை டப்பாவில் போட்டாள். டப்பாவின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"ரெண்டு குட்டைன்னா ஜெயிச்சுட்டான்னுதான் அர்த்தம்" என்றாள். "மூச்சு முட்டினா நீளமா அடிப்பான். உங்களுக்குத்தான் சொல்லியிருக்கேனே. ஜெயிச்சிருக்கான். ஜெயிச்சுட்டுக் கூப்பிட்டிருக்கான். அதுக்கப்புறம் தானா நின்னிருக்கும் அத்தை. டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு, திடீர்னு நின்னுடும்னு. நீங்க ஓடிவந்திருந்தாலும் சேவ்தான் பண்ணியிருப்பீங்க."

"நிஜமா சொல்றியா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

தையற்காரம்மா அழுதார். உறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனிதர், தன் கடைக்குள் போய்விட்டார். அழுது முடித்த பிறகு அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பட்டன் சரியாயிடுச்சா?" என்று கேட்டார். மிச்சம் நாலு தரம் அமுக்கிக் காட்டிக் கையில் கொடுத்தாள்.

அன்று அவள் மத்தியானமே கடையை மூடினாள். வீட்டில் அம்மா இல்லை. அலமாரியின் மேல்தட்டில், துண்டில் சுற்றி வைத்திருந்த தம்பியின் மெஷினை எடுத்தாள். மின்கலம் ஊதிப்போயிருந்தது. வேறு போட்டு, ஏழு வருஷத்தில் முதல் முறையாக அதை எழுப்பினாள். திரையில் குட்டி மனிதன் இருபத்தேழாவது லெவலின் வாசலில் நின்றான். அந்த லெவலில் தம்பி ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஜெயித்திருந்தாலும், யாரும் வந்து சேவ் பண்ணாததால், மெஷின் இங்கேதான் வந்து நிற்கும். ஜெயிக்கவே இல்லை என்றாலும் இங்கேதான் நிற்கும்.

விளையாடிப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கான மெஷின்களைப் பிரித்தவளுக்கு விளையாடத் தெரியாது. முதல் பள்ளத்திலேயே குட்டி மனிதன் விழுந்தான். மறுபடி வாசலுக்கு வந்தான். மறுபடி விழுந்தான். பதினோராவது தடவைக்குப் பிறகு அணைத்து, துண்டில் சுற்றி, இருந்த இடத்தில் வைத்தாள்.

அடுத்த வாரம் தையற்காரம்மா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா கோபப்படுவாள் என்று அவள் பயந்தாள். அம்மா கோபப்படவில்லை. அம்மா காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை ஜெயித்துவிட்டான். சலவைப் பிரிவில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னாள். மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மாமா தன் பங்குக்கு, கடைசி லெவலையே முடித்துவிட்டான் என்று வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறார். தையல் மெஷின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் முன்னைப்போல் விடாமல் கேட்டது. சில சமயம் கூடவே ஒரு பாட்டும். தெருவில் தெரிந்தவர்கள் அவளையே நிறுத்தி, "உன் தம்பி ஜெயிச்சுட்டுத்தான் போனானாமே" என்று அவளுக்குத் தெரியாத சேதி போலச் சொன்னார்கள். அவள் ஆமாம் என்பாள்.

மணி நிற்கவில்லை. முன்பு ஏதோ ஒரு 'ர்ர்' என்று மொத்தமாகக் கேட்டது, இப்போது தெளிவாக, இரண்டாக, நடுவில் ஒரு இடைவெளியோடு கேட்டது. அந்த இடைவெளியில் விரல் பட்டன் மேல் இருந்ததா, எடுத்திருந்ததா? சோறு வடிக்கும்போதும், யாரோ ஒருவரின் மெஷினில் திருகாணியை முடுக்கும்போதும் அவள் அந்த இடைவெளிக்குள்தான் இருந்தாள். ஆனால் இப்போதெல்லாம் எழுந்து நிற்பதில்லை. மணி கேட்டால், கேட்டு முடிகிற வரை கை வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

போன மாதம் வெளியூரிலிருந்து சித்தி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"இருபத்தேழாவது லெவலாம். ஒரு மாசமா அதுலயே நின்னுக்கிட்டிருந்தான். அன்னிக்குத்தான் தாண்டியிருக்கான். தாண்டின உடனே ரெண்டு மணி. பெருமை தாங்கல புள்ளைக்கு. நீ சொல்லேன்டி, உனக்குத்தானே அந்த மணி சமாசாரமெல்லாம் தெரியும்."

"ரெண்டு குட்டைன்னா ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம் சித்தி" என்றாள் அவள்.

"கஷ்டப்படாம போனானே, அதைச் சொல்லு" என்றாள் சித்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவளுக்கு அந்த முகம் நினைவிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. புருவம் மேலே ஏறியிருந்தது. கஷ்டமான பள்ளம் வந்தால் தம்பிக்குப் புருவம் அப்படித்தான் ஏறும். ராத்திரி திரும்பிப் படுக்கவைக்கும்போது மூச்சுக்குத் தவித்தாலும் அப்படித்தான் ஏறும்.

"சிரிச்ச மாதிரி இருந்தான்னு தையல்காரி சொல்றா" என்றாள் அம்மா, மகளைப் பார்த்துக்கொண்டு.

"ஆமாம்மா" என்றாள். "சிரிச்ச மாதிரிதான் இருந்தான்."

அம்மா டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, டம்ளரை அவளிடம் நீட்டினாள். அவள் மூன்று டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.